இயல்பு வேறு, நோய் வேறு

பவணந்தி முனிவர் தம் நன்னூலில் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்துக் காட்டினார். அவையில் சொல்லத்தகாத ஒன்றைப் பிறிதொரு சொல்லால் மறைத்துக் கூறுவது இடக்கரடக்கல் என்று ஆண்டுதோறும் முதலாண்டு மாணவியர்க்குப் பாடம் நடத்தி வருகிறேன். எடுத்துக்காட்டுக் கூறும்போது மாணவியர் சிலர் தலை குனிந்து சிரிப்பதும் உண்டு. மொழியின் நாகரிகத்தைக் காட்டும் அழகிய இலக்கணம் அது. அதனைக் குறைகூறுவது என் நோக்கமன்று.

பெண்ணின் மாதவிடாய்க்கு இத்தகைய சொற்கள் தமிழில் மிகப் பல. தொல்காப்பியர் கற்பியலில் பூப்பு என்னும் சொல்லை ஆள்கிறார். ஊர் வழக்கில் தூரம் என்றும் வீட்டுவிலக்கு என்றும் தலைமுழுக்கு என்றும் கூறுவர். நம் இல்லங்களிலோ "தொழுகை இல்லை" என்னும் இரண்டே சொற்களில் செய்தி முடிந்துவிடும். கேட்டவர் மேற்கொண்டு எதுவும் வினவார். இந்த அடக்கம் போற்றத்தக்கதே. எனினும் ஓர் ஐயம் பல ஆண்டுகளாக என் உள்ளத்தை உறுத்தி வந்துள்ளது. நிகழ்வை மறைக்கும்போது அதனோடு வரும் நோயையும் சேர்த்து மறைத்துவிடுகிறோமோ என்பதே அந்த ஐயம். அவ்வாறு மறைந்து கிடக்கும் நோய்களுள் தலையாயது ஒன்றைப் பற்றி இம்மலரில் எழுத விழைகின்றேன்.

எண்டோமெட்ரியோசிஸ் என்பது அதன் மருத்துவப் பெயர். 'உள்ளே' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லும் 'கருப்பை' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லும் கூடிக் கருப்பையின் உட்புறப் படலத்தைக் குறித்தன. நோய்நிலையைச் சுட்டும் ஈறொன்று அதனோடு சேர்ந்து நோயின் பெயராயிற்று. தமிழில் கருப்பை அகப்படல நோய் என்று வழங்கலாம்.

கருப்பையின் உட்சுவரில் ஒரு மெல்லிய படலம் உண்டு. கருவைத் தாங்குவதற்காக அது திங்கள்தோறும் தடித்து வளரும். கரு அமையாதபோது சிதைந்து குருதியோடு வெளியேறும். இதுவே இயல்பான மாதவிடாய். இந்நோயிலோ அப்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்கின்றது. சூலகங்களின் மீதும், வயிற்றறையின் உட்சவ்விலும், சிலருக்குக் குடல், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் மீதும் அது பற்றிக்கொள்ளும். இடம் மாறிய அத்திசுவும் உடலின் ஹார்மோன்களுக்குக் கட்டுப்பட்டுத் தடிக்கும், கசியும். கருப்பையிலிருந்து வெளியேறும் குருதிக்கு வழி உண்டு. இதற்கு வழி இல்லை. ஆகவே அவ்விடம் அழற்சி கொள்கிறது. காலப்போக்கில் வடுக்கள் தோன்றி, தனித்தனியே அசைய வேண்டிய உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகின்றன. சூலகத்தில் தங்கிப் பழுத்த குருதி கரும்பழுப்பு நிறக் கட்டியாகத் திரள்வதும் உண்டு. நிறத்தை வைத்து அதனைச் சாக்லேட் கட்டி என்று மருத்துவர்கள் கூறுவர். இனிய பெயர்தான், ஆனால் அது தரும் வேதனை கொடியது.

மகப்பேற்றுப் பருவத்திலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர், அதாவது உலகெங்கும் சுமார் 19 கோடிப் பேர் இந்நோயால் துன்புறுவதாக உலக நல்வாழ்வு நிறுவனம் கணித்துள்ளது. அறிகுறி தோன்றிய நாள்முதல் நோய் இன்னதென்று தெரியவரும் நாள்வரை சராசரியாக 4 முதல் 12 ஆண்டுகள் கழிகின்றன என்றும் அந்நிறுவனம் கூறுகின்றது. ஒரு மாணவி பள்ளியிறுதி வகுப்பில் தொடங்கி முதுகலைப் பட்டம் பெறும்வரையுள்ள காலத்தை எண்ணிப் பாருங்கள். அத்துணைக் காலமும் பெயரில்லாத ஒரு வலியோடு அவள் வாழ்கிறாள் என்பது இதன் பொருள்.

என் லாத்தாவுக்கு அக்காலம் ஒன்பது ஆண்டுகள். 1989இல், தம் பதினான்காம் வயதில் வலியைக் காணத் தொடங்கினார். மாதத்தில் மூன்று நாள் பள்ளிக்குச் செல்வதில்லை. பாயில் முழங்காலை மார்போடு அணைத்துச் சுருண்டு கிடப்பார். சுக்குக் கஷாயமும் ஓமத் தண்ணீரும் வெந்நீர் ஒத்தடமும் மாறி மாறி நடக்கும். "பொம்பளைப் புள்ளைக்கு இது இல்லாமலா இருக்கும்?" என்பார் உம்மம்மா. "நிக்காஹ் ஆனாச் சரியாப் போயிரும்" என்பது உம்மாவின் ஆறுதல். இருவரும் அன்பினாலேயே அவ்வாறு கூறினர். அவர்கள் காலத்தில் அவர்களுக்குச் சொல்லப்பட்டதும் அதுவே. நிக்காஹ் ஆயிற்று; வலி போகவில்லை. பிள்ளைப்பேறும் வாய்க்கவில்லை. உறவினர் சிலர் பேசிய சொற்களை இங்கு எழுத மனம் இடந்தரவில்லை. பிள்ளை இல்லை என்னும் காரணத்துக்காகவே மருத்துவரிடம் சென்றோம். 1998இல் பெருநகர் ஒன்றில் வயிற்றில் சிறு துளையிட்டு, லேப்ராஸ்கோப் கருவியின் வழியே பார்த்தபோதுதான் நோய் புலப்பட்டது. ஒன்பதாண்டு வலியைக் கூறியும் கிட்டாத மருத்துவ கவனம், பிள்ளை இல்லை என்றவுடன் கிட்டியது என்பதை இன்று நினைத்தாலும் நெஞ்சு கனக்கின்றது.

அறுவைக்குப் பின் லாத்தாவுக்கு டனசால் என்னும் மருந்தை ஆறு திங்கள் உட்கொள்ளுமாறு தந்தனர். அம்மருந்து 1970களில் மேலை நாடுகளில் இந்நோய்க்கு வழக்கத்துக்கு வந்தது. அக்காலத்தில் எங்கும் பரவலாகத் தரப்பட்ட மருந்துதான் அது. ஆண்மை ஹார்மோனை ஒத்த தன்மையும் அதற்கு உண்டு. எனவே முகத்தில் முடி வளர்தல், எடை கூடுதல், குரல் தடித்தல் ஆகியன அதன் பக்கவிளைவுகள். வலி வெகுவாகக் குறைந்தது உண்மை. ஆனால் மீலாது விழாக்களில் கிராஅத் ஓதி முதற்பரிசு பெற்ற லாத்தாவின் மெல்லிய குரல் கரகரத்துப் போயிற்று. மருந்தை நிறுத்திய பின்னும் அக்குரல் முழுமையாகத் திரும்பவில்லை. ஒரு நோயின் காரணத்தை அறிவியல் அரைகுறையாக அறிந்திருக்கும்போது, நோயாளி அதற்கு எத்தகைய விலை கொடுக்க நேர்கிறது என்பதை நான் உணர்ந்தது அங்கேதான். அன்றுமுதல் இந்நோய் பற்றிய ஆய்வுகளை எனக்கு எட்டியவரை தொடர்ந்து படித்து வருகிறேன். இலக்கியம் கற்றவளுக்கு இது வேண்டாத வேலை என்று கூறுவார்க்கு, இதுவும் ஒரு நெடுங்கதை என்பதே என் விடை.

1860இல் வியன்னா நகரத்து நோய்க்கூற்றியல் அறிஞர் கார்ல் வான் ரொக்கிட்டான்ஸ்கி, கருப்பைத் திசுவை ஒத்த வளர்ச்சிகளைக் கருப்பைக்கு வெளியே கண்டு எழுதினார் என்று மருத்துவ வரலாறு பொதுவாகக் குறிப்பிடும். ஆயினும் நோய்க்குப் பெயரும் விளக்கமும் நிலைபெறப் பின்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாயின. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகரில் பணியாற்றிய ஜான் சாம்ப்சன் என்னும் மருத்துவர் 1921இல் சூலகச் சாக்லேட் கட்டிகளைப் பற்றி விரிவாக எழுதினார். 1927இல் நோயின் தோற்றம் பற்றிய தம் கொள்கையை வெளியிட்டார். மாதவிடாய்க் குருதியில் ஒரு பகுதி வெளியேறாமல், கருக்குழாய்களின் வழியே பின்னோக்கி ஓடி வயிற்றறையில் விழுகின்றது. அதிலுள்ள உயிருள்ள திசுக்கள் விழுந்த இடத்தில் வேரூன்றி வளர்கின்றன என்பது அவர் கொள்கை. கேட்டவுடன் ஏற்கத்தக்கதாய்த் தோன்றும் தெளிவான விளக்கம் இது. இன்றளவும் பெரிதும் எடுத்தாளப்படுவதும் இதுவே.

ஆனால் விளக்கத்தில் ஓர் இடைவெளி இருந்தது. 1984இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கருக்குழாய் அடைபடாத பெண்களில் 90 விழுக்காட்டினர்க்கு மாதவிடாய் நாள்களில் வயிற்றறை நீரில் குருதி காணப்படுவதைக் காட்டியது. பின்னோட்டம் ஏறக்குறைய எல்லார்க்கும் உண்டு என்பது இதனால் தெரிந்தது. அங்ஙனமாயின் பத்தில் ஒருத்திக்கு மட்டும் அது நோயாவது ஏன்? மேலும், நுரையீரலை மூடிய சவ்விலும் உதரவிதானத்திலும் இந்நோய் அரிதாகக் காணப்படுகின்றது. பெண்மை ஹார்மோன் நெடுநாள் தரப்பட்ட ஆண்கள் சிலரிடத்தும் மிக அரிதாகக் காணப்பட்டுள்ளது. மாதவிடாயே இல்லாதவர்க்குப் பின்னோட்டம் ஏது? ஆகவே வயிற்றறைச் சவ்வின் உயிரணுக்களே உருமாறி இத்திசுவாகலாம் என்றும், குருதி வழியாகவும் நிணநீர் வழியாகவும் அணுக்கள் பயணம் செய்யலாம் என்றும் வேறு கொள்கைகள் எழுந்தன. ஒரே காரணத்தால் எல்லார்க்கும் இந்நோய் வருவதில்லை என்பதே இன்றைய அறிஞர் பலரின் கருத்து.

விதை எல்லா நிலத்திலும் விழுகின்றது. சில நிலத்தில் மட்டுமே முளைக்கின்றது. எனவே ஆய்வாளர்கள் நிலத்தை ஆராயத் தொடங்கினர். அவர்கள் கண்டவற்றுள் முதன்மையானவை சில. வயிற்றறையில் விழும் சிதைந்த திசுக்களைத் துப்புரவு செய்வது நோய்எதிர்ப்பு அணுக்களின் கடமை. இந்நோய் உற்றவர்களிடத்தில் அவ்வணுக்கள் தம் வேலையைச் சரிவரச் செய்வதில்லை. சில வேளைகளில் அழற்சியைத் தூண்டி, புதிய திசுவுக்குக் குருதிக்குழாய்கள் வளரவும் துணைபோகின்றன. அடுத்து, இடம் மாறிய திசு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தானே உண்டாக்கிக்கொள்ள வல்லது. அதன் வளர்ச்சியை அடக்க வேண்டிய புரோஜெஸ்டிரோனுக்கோ அது சரிவரச் செவிசாய்ப்பதில்லை. மூன்றாவதாக, அத்திசுவுக்குள் நுண்ணிய நரம்பிழைகளும் வளர்கின்றன. நெடுங்கால வலியால் முதுகுத்தண்டும் மூளையும் கூர்மையடைந்து, சிறு தூண்டலையும் பெருவலியாக உணர்த்துகின்றன. அறுவையில் காணப்படும் நோயின் பரப்புக்கும் நோயாளி கூறும் வலியின் அளவுக்கும் பல நேரங்களில் பொருத்தம் இருப்பதில்லை. சிறு புள்ளிகளே உள்ளவள் துடிப்பதும், பெருங்கட்டி உள்ளவள் வலியறியாதிருப்பதும் உண்டு. "இவ்வளவு சிறியதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்க இனி எவர்க்கும் இடமில்லை.

பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. இரட்டையரை வைத்து நிகழ்த்திய ஆய்வுகள், நோய்க்கு ஆளாகும் தன்மையில் ஏறத்தாழப் பாதி மரபு வழிப்பட்டது என்று காட்டின. 2023இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அறிஞர்கள் முன்னின்று பல நாட்டாரோடு நடத்திய ஆய்வில், நோயுற்ற 60,000க்கும் மேற்பட்ட பெண்களின் மரபணுக்கள், நோயில்லாத 7 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுக்களோடு ஒப்பிடப்பட்டன. நோயோடு தொடர்புடைய 42 மரபணு இடங்கள் புலப்பட்டன. அவற்றுட் சில ஒற்றைத் தலைவலி, முதுகுவலி போன்ற நெடுநாள் வலிகளோடும் தொடர்புடையன. 2021இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, நோய் மிகுந்த குடும்பங்களிலும் ரீசஸ் குரங்குகளிலும் என்.பி.எஸ்.ஆர்.1 என்னும் மரபணுவின் பங்கைக் கண்டது; அதனைத் தடுக்கும் ஒரு பொருள் சுண்டெலிகளில் அழற்சியையும் வலியையும் குறைத்தது. குரங்கை நாடியதற்குக் காரணம் உண்டு. பாலூட்டிகளில் மனிதரையும் குரங்கினத்துட் பலவற்றையும் வௌவால் போன்ற மிகச் சிலவற்றையும் தவிரப் பிறவற்றுக்கு மாதவிடாய் இல்லை. ஆய்வுக்கூடத்துச் சுண்டெலிக்கு இந்நோய் தானே வருவதில்லை. செயற்கையாக உண்டாக்க வேண்டும். ஆய்வு மெல்ல நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2023இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார் எதிர்பாராத ஒன்றைக் கண்டனர். நோயுற்ற பெண்களில் 64 விழுக்காட்டினரின் கருப்பை அகப்படலத்தில் ஃபியூசோபாக்டீரியம் என்னும் நுண்ணுயிர் இருந்தது. நோயில்லாதவரில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவரிடமே அது காணப்பட்டது. சுண்டெலிகளில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தந்தபோது நோய்த்திசு குறைந்தது. சுண்டெலியில் கண்டது பெண்களுக்கும் பொருந்துமா என்பதைச் சோதனைகளே உறுதிசெய்ய வேண்டும். இதனைப் படித்துவிட்டு எவரும் மருந்துக்கடையில் தாமே மாத்திரை வாங்கிவிடலாகாது. எனினும் நூறாண்டுக் கேள்விக்குப் புதியதொரு வாயில் திறந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது.

இவ்வாய்வாளருள் ஒருவரைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனப் பேராசிரியர் லிண்டா கிரிஃபித், இந்நோயால் தாமே பல ஆண்டுகள் துன்புற்றவர். உயிரியற் பொறியியலில் புகழ்பெற்ற அவர், 2009இல் பெண்களின் கருப்பை நோய்களுக்கென்றே அங்கு ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கினார். நோயாளியரின் திசுவிலிருந்து உயிரணுக்களை வளர்த்து, சுண்டெலியை நம்பாமலே நோயின் போக்கை அறிய முயல்கின்றது அம்மையம். தம் வலியை மறைக்காமல் ஆய்வுப் பொருளாக்கிக்கொண்ட அவரது துணிவு நம் மாணவியர்க்கு ஒரு பாடம்.

இனி மருத்துவம். நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்றளவும் இல்லை என்பதை மறைக்காமல் கூறிவிட வேண்டும். ஆனால் வலியைக் கட்டுப்படுத்தவும் வாழ்வை மீட்டுத் தரவும் வழிகள் பல உண்டு. முதற்படி, அழற்சியைத் தணிக்கும் வலிநீக்கிகள். அடுத்து, மாதச் சுழற்சியை அடக்கி வைக்கும் ஹார்மோன் மாத்திரைகள். டையனோஜெஸ்ட் போன்ற புரோஜெஸ்டின் வகை மருந்துகள் இன்று பெரிதும் பயன்படுகின்றன. டனசாலின் இடத்தை இவையும் பிறவும் பிடித்துக்கொண்டன. மூளையிலிருந்து சூலகத்துக்குச் செல்லும் கட்டளையைத் தடுப்பது வேறொரு வகை. அக்கட்டளை ஹார்மோனின் அமைப்பைக் கண்டறிந்த ஆய்வுகளுக்காகக் கியிமானும் ஷாலியும் 1977இல் நோபெல் பரிசின் ஒரு பாதியைப் பகிர்ந்து பெற்றனர். அவ்வழி வந்த ஊசிமருந்துகள் வலியைக் குறைத்தன. எனினும் எலும்பின் வலுவையும் குறைக்கும் என்பதால் நெடுநாள் தர இயலாது. எலகோலிக்ஸ் என்னும் மாத்திரை 2018இலும், ரெலுகோலிக்ஸ் அடங்கிய கூட்டு மாத்திரை 2022இலும் இந்நோயின் வலிக்காக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. ஹார்மோனைச் சிறிதளவு திருப்பித் தந்து எலும்பைக் காப்பது அக்கூட்டு மாத்திரையின் நோக்கம்.

லேப்ராஸ்கோப் அறுவையால் நோய்த்திசுவை அகற்றுவது மற்றொரு வழி. பலர்க்கு நல்ல பயன் தருவது. ஆயினும் நோய் திரும்பி வருவதும் உண்டு. கருப்பையையே எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று கருதுவோர் உளர். கருப்பைக்கு வெளியே உள்ள நோய்த்திசுவை விட்டுவிட்டுக் கருப்பையை மட்டும் எடுப்பதால் வலி தீரும் என்பதற்கு உறுதியில்லை. கருவுற்றால் குணமாகும் என்பதும் அத்தகையதே. கருவுற்ற காலத்தில் சிலர்க்கு வலி தணியலாம். அது மருத்துவம் ஆகாது. எனவே மகளின் வலிக்கு மருந்தாகத் திருமணத்தைக் கருதுவதைப் பெற்றோர் கைவிட வேண்டும். நோயைக் கண்டறியும் முறையிலும் மாற்றம் வந்துள்ளது. ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மருத்துவத்தைத் தொடங்குவதற்கு அறுவையால் உறுதிசெய்ய வேண்டுமென்று காத்திருக்கத் தேவையில்லை. அறிகுறிகளையும் ஸ்கேன் படங்களையும் கொண்டே தொடங்கலாம். 1998இல் இவ்வறிவு இருந்திருப்பின் லாத்தாவின் பாதை வேறாகியிருக்கக் கூடும்.

"கல்லூரி மலரில் எழுத வேண்டிய பொருளா இது?" என்று பெரியோர் எவரேனும் கருதினால் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்வது ஒன்றுண்டு. திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்து 222ஆம் வசனம், மாதவிடாய் பற்றி மக்கள் கேட்ட வினாவுக்கு விடையாக அருளப்பட்டது. அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் பெண்கள் இப்பொருள் பற்றி நேரடியாகவே வினவியுள்ளனர். மார்க்கத்தை அறிந்துகொள்வதற்கு நாணம் தடையாக இருக்க அன்சாரிப் பெண்கள் இடந்தரவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அப்பெண்களைப் பாராட்டியதை சஹீஹ் முஸ்லிம் நூல் தெரிவிக்கின்றது.

அவற்றுள் ஒரு நிகழ்ச்சி என் நெஞ்சைவிட்டு நீங்காதது. ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) என்னும் பெண்மணி, தமக்கு உதிரப்போக்கு நிற்பதே இல்லை என்றும், அதனால் தொழுகையை விட்டுவிடலாமா என்றும் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். அது மாதவிடாய் அன்று, ஒரு நரம்பிலிருந்து வருவது என்று பெருமானார் விளக்கி, மாதவிடாய் நாள்களில் மட்டும் தொழுகையை விடுமாறும் ஏனைய நாள்களில் தொழுமாறும் கூறினார்கள். சஹீஹ் புகாரியில் பதிவான இச்செய்தியை ஃபிக்ஹு நூல்கள் சட்டத்துக்காக எடுத்தாள்கின்றன. நான் இதில் காண்பது மற்றொன்றும் உண்டு. ஒரு பெண் தன் துன்பத்தைச் சொன்னாள். அது பொறுமையோடு கேட்கப்பட்டது. இயல்பு இன்னது, இயல்பின் வேறானது இன்னது என்று பிரித்துக் காட்டப்பட்டது. "எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான்" என்று கூறி அவளைத் திருப்பி அனுப்பவில்லை. எந்த நோயையும் அதற்குரிய நிவாரணத்தோடன்றி அல்லாஹ் இறக்கவில்லை என்னும் கருத்துடைய நபிமொழியும் நாம் அறிந்ததே. நிவாரணத்தைத் தேடுவது அதனால் நம்மீது பொறுப்பாகின்றது.

இயல்பான வலியையும் நோயின் வலியையும் எவ்வாறு பிரித்தறிவது? மாதவிடாயின்போது ஓரளவு அடிவயிற்று வலி பலர்க்கும் உண்டு. ஆனால் திங்கள்தோறும் வகுப்பையும் வேலையையும் விடச்செய்யும் வலி, வழக்கமான மாத்திரைக்கு அடங்காத வலி, ஆண்டுக்கு ஆண்டு மிகுந்து மாதவிடாய் இல்லாத நாள்களிலும் தொடரும் வலி, அந்நாள்களில் மலசலம் கழிக்கும்போது எழும் வலி, மணமானவர்க்கு இல்லற உறவில் தோன்றும் வலி ஆகியவற்றை இயல்பு என்று ஒதுக்கலாகாது. தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இந்நோய் இருந்தால் இன்னும் விழிப்பு வேண்டும். இவ்வறிகுறிகள் உள்ளவர் அனைவர்க்கும் இந்நோயே என்று கொள்ள வேண்டியதில்லை. பெண்கள் நல மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதே செய்தி.

லாத்தா இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார். சொந்தப் பிள்ளை இல்லை. மச்சான் ஒருநாளும் அதனைக் குறையாகச் சொன்னதில்லை. மக்தபில் சிறுமியர்க்குக் குர்ஆன் ஓதக் கற்றுத் தருகிறார். அந்தத் தடித்த குரலில்தான் தெருவில் ஒரு தலைமுறையே ஓதக் கற்றது. வளர்ந்த பெண்கள் யாரேனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக அமர்ந்தால், "எத்தனை மாசமா இப்படி?" என்று கேட்டு, அன்று மாலையே அப்பெண்ணின் உம்மாவைப் பார்க்கப் போய்விடுவார். அவ்வாறு அவர் மருத்துவரிடம் அனுப்பியவர்களுள் இருவர்க்கு இந்நோய் இளமையிலேயே கண்டறியப்பட்டது. இருவரும் இன்று கல்லூரியில் பயில்கின்றனர்.

நம் கல்லூரிக்கும் இதில் ஆற்றக்கூடிய பணி உண்டு. மாதந்தோறும் இரண்டு மூன்று நாள் வராத மாணவியின் வருகைப் பதிவைக் கூட்டும்போது, விழுக்காட்டை மட்டும் பாராமல் விடுப்பின் ஒழுங்கையும் ஆசிரியைகள் நோக்கலாம். ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் கண் சிகிச்சைக்கும் சர்க்கரை நோய்க்கும் முகாம்கள் நடத்துகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை பெண் மருத்துவர்களைக் கொண்டு மாணவியர்க்கும் தாய்மார்க்கும் தனியே ஒரு முகாம் நடத்துமாறு சமுதாயப் பெரியோரை வேண்டுகிறேன். செலவு அதிகமில்லை, மனம் வைத்தால் போதும்.

விலங்கியலும் உயிர்வேதியியலும் பயிலும் மாணவ மாணவியர்க்கு இறுதியாக ஒரு சொல். மேலே குறிப்பிட்ட 2023ஆம் ஆண்டு மரபணு ஆய்வில் இடம்பெற்றோர் ஐரோப்பிய மரபினரும் கிழக்காசிய மரபினரும் ஆவர். நம் பெண்கள் அக்கணக்கில் இல்லை. மும்பையிலுள்ள தேசிய இனப்பெருக்க மற்றும் குழந்தைகள் நல ஆய்வு நிறுவனம் முன்னின்று, இந்தியப் பெண்களிடையே இந்நோயின் மருத்துவக் கூறுகளையும் மரபணுக் கூறுகளையும் ஆராயும் பணியைத் தொடங்கியுள்ளது. அத்தகைய பணிக்கு இன்னும் பலர் தேவை. நுண்ணோக்கியின் முன் அமரப்போகும் உங்களுள் ஒருவர், நம் பெண்களின் குருதியில் எழுதப்பட்டுள்ள விடையைப் படித்துச் சொல்ல வல்ல இறைவன் அருள்புரிவானாக.